ஊன்றுகோலும் ஒரு கண்ணும்

வாழ்க்கைப் பாதையில் வழுக்கி விழாதவர் இலர். விழுந்தவர் மீண்டும் எழ இயலுமா, எழுந்தபின் பழைய இடம் அவருக்குக் கிடைக்குமா என்னும் வினாக்கள் மனித குலத்தை நெடுங்காலமாக வாட்டி வருகின்றன. சமயங்கள் யாவும் இவற்றுக்கு விடை கூற முனைந்துள்ளன. பிழை உணர்ந்து வருவோரை இறைவன் ஏற்றுக்கொள்வான் என்பதில் அவை ஒன்றுபட்டே நிற்கின்றன. ஆயினும் எவ்வாறு ஏற்றுக்கொள்வான், எத்தனை நாளில் ஏற்றுக்கொள்வான், இறைவன் ஏற்ற பின்னரும் ஏற்க மறுக்கும் மனிதர்முன் என் செய்வது என்னும் கேள்விகள் எஞ்சி நிற்கின்றன.

நம் தமிழகத்தில் இதற்கு இருவகை வரலாறுகள் உள்ளன. ஒன்று அருணகிரிநாதர் வரலாறு. இளமையைத் தீய ஒழுக்கத்தில் செலவிட்டு, அதனால் விளைந்த நோயும் நாணமும் தாளாது, திருவண்ணாமலைக் கோபுரத்தின்மேல் ஏறி வீழ்ந்தார் என்றும், வீழ்ந்தவரை முருகப்பெருமான் தன் கையில் ஏந்திக் காத்தான் என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. ஒரு நொடியில் நிகழ்ந்த மீட்பு அது. கேட்கும்போதே மெய் சிலிர்க்கிறது. ஆனால் நம்மில் பெரும்பாலோர்க்கு அந்த ஒரு நொடி வாய்ப்பதில்லை. நமக்கு வாய்ப்பது மற்றொரு வகை. மெல்ல மெல்ல, ஊர் ஊராக, தவணை தவணையாக வந்து சேரும் மீட்பு அது. சுந்தரமூர்த்தி நாயனார் தம் கண்களை இழந்து மீண்டும் பெற்ற வரலாறே அவ்வகைக்குத் தக்க எடுத்துக்காட்டு.

நான் புலவன் அல்லன். திருவனந்தபுரத்தில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகப் பணிபுரிபவன்; இளங்கலைப் பட்டத்தோடு கல்வியை நிறுத்திக்கொண்டவன். பெரியபுராணத்தை முறையாகப் பாடம் கேட்கும் பேறு எனக்கு வாய்க்கவில்லை. ஆயினும் சாலைக் கடைத்தெருவை ஒட்டி வாழும் தமிழ்க் குடும்பங்கள் சில ஞாயிறு மாலைதோறும் ஒரு வீட்டின் முன்கூடத்தில் கூடி, வாரத்துக்குச் சில பாடல்களாக அந்நூலைப் படித்து வந்தோம். ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் பொருள் சொல்வார். குழந்தைகள் சுண்டலுக்காகவும் பெரியவர்கள் தமிழுக்காகவும் வருவர். அக்கூட்டத்தில் ஒரு நாள் எழுந்த கேள்வியே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று. அக்கேள்வியைச் சொல்வதற்கு முன், வரலாற்றை ஒருமுறை நினைவுகூர்தல் நலம்.

மகிழின் கீழ் ஒரு சூளுறவு

சுந்தரர் திருநாவலூரில் சடையனாருக்கும் இசைஞானியாருக்கும் மகனாகத் தோன்றியவர். நரசிங்கமுனையரையர் என்னும் குறுநில மன்னரின் இல்லத்தில் அரசிளங்குமரராக வளர்ந்தவர். புத்தூரில் நிகழவிருந்த அவருடைய திருமணத்தை இறைவனே முதிய வேதியனாக வந்து தடுத்து, ஓலை காட்டித் தன் அடிமை என வழக்காடி வென்று ஆட்கொண்டான். பின்னர் அவ்வடிமையையே தோழனாகவும் ஏற்றான். தம்பிரான் தோழர் என்னும் பெயர் அதனால் வந்தது. திருவாரூரில் பரவையாரை மணந்து வாழ்ந்த சுந்தரர், தலங்கள் பலவற்றை வணங்கிக்கொண்டு வடக்கே திருவொற்றியூருக்கு வந்தார். அங்கே இறைவனுக்குப் பூமாலை தொடுத்துக் கன்னிமாடத்தில் வாழ்ந்த சங்கிலியாரைக் கண்டு காதல் கொண்டார்.

இறைவன் சங்கிலியாரின் கனவில் தோன்றிச் சுந்தரரை மணந்துகொள்ளுமாறு கூறினான். அவர் திருவாரூரில் பரவையாருடன் வாழ்பவராயிற்றே என அந்த அம்மையார் தயங்கினார். அவ்வாறாயின், உன்னைப் பிரிந்து செல்வதில்லை என்று அவர் சூளுறவு செய்து தருவார் என இறைவன் உறுதி கூறினான்.

இனி நிகழ்ந்ததைக் கூர்ந்து நோக்க வேண்டும். இறைவன் திருமுன்னர்ச் செய்யும் சபதம் மீற இயலாதது என்பதைச் சுந்தரர் அறிவார். ஆகவே, நான் கருவறையில் சபதம் செய்யும் நேரத்தில் நீ அங்கிருந்து விலகி வெளியே மகிழ மரத்தடியில் இருக்க வேண்டும் என்று தம் தோழனிடம் வேண்டினார். இறைவன் இசைந்தான். ஆனால் சங்கிலியாரின் கனவில் மீண்டும் தோன்றி, கோயிலுள் வேண்டா, மகிழின் கீழேயே சபதம் செய்து தருமாறு கேள் என்று சொல்லிவிட்டான். சுந்தரர் வேறு வழியின்றி மகிழின் கீழ் நின்று சூளுரைத்தார்.

பின்னாளில் மனம் தளர்ந்து உடைத்த வாக்கு என இதனைக் கொள்ள முடியாது. உடைப்பதற்கு இடம் வைத்துக்கொண்டே கொடுத்த வாக்கு இது. நம் பிழைகளில் பலவும் இவ்வகையினவே. கையெழுத்திடும்போதே தப்பிக்கும் வழியையும் மனம் எண்ணி வைத்துக்கொள்கிறது. இறைவனையும் சற்றே விலகி இருக்குமாறு கேட்டுக்கொள்கிறது. அவன் விலகுவதில்லை, நாம் எந்த மரத்தடிக்கு அனுப்புகிறோமோ அங்கேயே காத்திருக்கிறான்.

வேனிற்காலம் வந்தது. தென்றல் வீசியது. திருவாரூரின் வசந்த விழாவும் பரவையாரும் சுந்தரரின் நினைவில் எழுந்தனர். ஒற்றியூரை விட்டு அவர் புறப்பட்டார். ஊரின் எல்லையைத் தாண்டியதும் இரு கண்களும் ஒளி இழந்தன.

இருக்கிறோம், நீ போகலாம்

கண்ணிழந்த சுந்தரர் செய்தது என்ன? ஒற்றியூருக்குத் திரும்பவும் இல்லை; விழுந்த இடத்திலேயே கிடக்கவும் இல்லை. வழியில் வருவோர் போவோர் துணைகொண்டு நடக்கத் தொடங்கினார். வட திருமுல்லைவாயிலை வணங்கித் திருவெண்பாக்கம் வந்து சேர்ந்தார். கோயிலின்முன் நின்று, நீ உள்ளே இருக்கின்றாயா என்று கேட்டார். எத்தனை துயரம் மிகுந்த கேள்வி! ஒவ்வொரு நாளும் தோழனாக நேரில் பேசிய ஒருவன் உள்ளே இருக்கின்றானா என்பதையே கேட்டறிய வேண்டிய நிலை. இருக்கிறோம், நீ போகலாம் என்று, அயலார் பேசுவது போல் உள்ளிருந்து விடை வந்தது. விடையுடன் ஓர் ஊன்றுகோலும் கிடைத்தது. கண் கிடைக்கவில்லை.

கோலைப் பெற்ற சுந்தரர் சினந்து அதனை வீசினார் என்றும், அது நந்தியின்மேல் பட்டுக் கொம்பு ஒடிந்தது என்றும் அவ்வூர்த் தலக் கதை கூறும். சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி நீர்த்தேக்கம் 1944ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்டபோது பழைய வெண்பாக்கம் நீரில் மூழ்கிற்று. கோயிலைப் பெயர்த்துப் பூண்டியில் மீண்டும் எழுப்பினர். ஊன்றீசுவரர் என்னும் பெயருடன் இன்றும் அக்கோயில் விளங்குகிறது. கேட்ட கண்ணைத் தராமல் கோலைத் தந்த செயலையே தன் பெயராகக் கொண்டு விளங்குகிறான் அவ்விறைவன்.

அங்கிருந்து காஞ்சிபுரம். காமக்கோட்டத்தை வணங்கித் திருவேகம்பத்தை அடைந்து பாடியபோது இடக்கண் ஒளி பெற்றது. ஒரு கண்தான்! அவ்வொரு கண்ணோடு மேலும் தெற்கே நடந்தார். உடலில் பற்றிய நோய் திருத்துருத்தியில் குளத்து நீராடியபோது நீங்கிற்று. இறுதியில் திருவாரூர் மூலட்டானத்தில் வலக்கண்ணும் கிடைத்தது. சென்னையின் வடகோடியிலிருந்து சோழநாட்டின் நடுவூர் வரை நீண்ட பயணம். முதலில் கோல், பிறகு ஒரு கண், பிறகு உடல்நலம், பிறகு மறு கண். ஏழாம் திருமுறையாக இன்று நமக்குக் கிடைத்துள்ள 100 பதிகங்களுள் இவ்வழியெல்லாம் அவர் பாடியவையும் அடங்கும். அவற்றில் அவர் தம் குற்றத்தை மறைக்கவில்லை. அதே வேளையில் தோழனோடு உரிமையுடன் ஊடவும் தவறவில்லை. இறைவன்மேல் கோபம் கொள்ளும் அளவுக்கேனும் அவனோடு பேச்சைத் தொடர்ந்தார் என்பதே அவரைக் காத்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

அலுவலக வாழ்க்கையில் பழகிய எனக்கு இதில் ஒரு தெளிவு பிறந்தது. மத்திய அரசுப் பணியாளர்க்குரிய 1965ஆம் ஆண்டு ஒழுங்கு விதிகளின்படி, பிழை செய்தவரின் ஊதிய உயர்வைக் குறிப்பிட்ட காலத்துக்கு நிறுத்தி வைக்கலாம். அத்தண்டனை பிற்காலத்தைப் பாதிக்காத வகையில் விதிக்கப்பட்டிருந்தால், தவணை முடிந்ததும் அவர் பெற வேண்டிய ஊதிய நிலையை மீண்டும் பெறுவார். தண்டனை பெற்ற நாள்களிலும் அவர் பணியாளரே. நாள்தோறும் வந்து வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டு வேலை செய்ய வேண்டியவரே. சுந்தரரும் அவ்வாறே. கண்ணில்லாத நாள்களிலும் அவர் தொண்டர்தாம், தோழர்தாம். பாடும் பணியிலிருந்து இறைவன் அவரை நீக்கவில்லை.

மதினியின் கேள்வி

காஞ்சியில் ஒரு கண் கிடைத்த பகுதியை எங்கள் ஞாயிறு கூட்டத்தில் படித்து முடித்த மாலை அது. ஆசிரியர் இறைவனின் கருணையை வியந்து பேசிக்கொண்டிருந்தார். பெண்கள் வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது: "ஐயா, அவருக்குக் கண்ணக் குடுத்தாரு, சரி. அந்தப் பிள்ள சங்கிலிக்கு என்ன குடுத்தாரு?"

கூடம் அமைதியாயிற்று. கேட்டவர் எங்கள் நெல்லைப் பக்கத்தவர். நான் மதினி என்று அழைப்பவர். அவர் ஏன் கேட்டார் என்பது அங்கிருந்த அனைவருக்கும் தெரியும்.

அவர் கணவரை நான் அண்ணாச்சி என்பேன். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திவான் இராஜா கேசவதாசர் உருவாக்கிய சாலைக் கடைத்தெருவில், மொத்த வியாபாரக் கடை ஒன்றில் அவர் கணக்கு எழுதிவந்தார். கணக்கில் ஒரு காசு பிசகாத மனிதர் என்று பெயர் எடுத்தவர். அந்த நம்பிக்கையில் தமிழ்க் குடும்பங்கள் 20 சேர்ந்து, மாதம் 2,000 ரூபாய் வீதம் அவரிடம் சீட்டுக் கட்டின. கேரள அரசு 1967ஆம் ஆண்டில் நாட்டிலேயே முதன்முதலாக லாட்டரியைத் தொடங்கிய மாநிலம். இங்கே தெருமுனைதோறும் சீட்டு விற்பவர் நிற்பார். அண்ணாச்சி முதலில் தம் சம்பளத்தில் வாங்கினார். தோற்றதை மீட்கும் வேகத்தில் குடும்பங்கள் கட்டிய சீட்டுப் பணத்திலும் கை வைத்தார். தோல்வியை மறக்கக் குடி வந்தது. ஏறத்தாழ 2,40,000 ரூபாய் கரைந்தபின், ஓர் ஐப்பசி மழை நாளில் எவரிடமும் சொல்லாமல் ஊரை விட்டுப் போய்விட்டார்.

மதினியும் இரு பெண் குழந்தைகளும் எஞ்சினர். சீட்டுக் கட்டியவர்கள் வாசலில் வந்து நின்றனர். அவர்களையும் குறை சொல்வதற்கில்லை. ஒருவருக்கு மகள் திருமணம், ஒருவருக்கு மருத்துவச் செலவு. மதினி காதில் கிடந்ததைக் கழற்றி விற்று வீட்டு வாடகையைக் கொடுத்துவிட்டு, அப்பளம் இடும் வேலைக்குச் சென்றார். அந்த நாள்களில் அவர் எவரிடமும் அழுததில்லை. ஞாயிறு கூட்டத்துக்கு வருவதை மட்டும் நிறுத்தவில்லை. கடைசி வரிசையில் அமர்ந்திருப்பார்.

பதினான்கு மாதங்கள் கழித்து அண்ணாச்சி திரும்பினார். திருச்செந்தூரில் ஓர் உணவுக் கடையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். வீட்டுக்குச் செல்லும் துணிவின்றிப் பழைய முதலாளியின் கடை முன் நின்றார். முதலாளி நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "கணக்குப் புத்தகம் இனி உமக்குக் கெடையாது. தராசடியில நில்லும். கிட்டங்கியில படுத்துக்கிடும்" என்றார். மூட்டைகளை நிறுத்து ஏற்றும் வேலை அது. அண்ணாச்சி அதனை ஏற்றார்.

இன்று எண்ணிப் பார்க்கையில், அந்த முதலாளி தந்தது ஊன்றுகோல் என்றே படுகிறது. ஒன்றுமே நடவாதது போலக் கணக்குப் புத்தகத்தை மீண்டும் கையில் கொடுத்திருந்தால் அது அறியாமையாகி இருக்கும். போ என்று துரத்தியிருந்தால் ஒரு மனிதர் அழிந்திருப்பார். நடப்பதற்கு வேண்டியது எதுவோ, அதனை மட்டும் அவர் கொடுத்தார்.

அண்ணாச்சி நாள்தோறும் விடியலில் வலியசாலை மகாதேவர் கோயிலுக்குச் சென்று நின்றுவிட்டு வேலைக்கு வருவார். என்ன வேண்டிக்கொள்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "மன்னிச்சிருன்னு கேக்கல தம்பி. அதக் கேக்குற வாய் எனக்கு இல்ல. இன்னைக்கு ஒரு நாள் இந்தக் கைய நேரா வச்சிருன்னு கேப்பேன். சாயங்காலம் வந்து, வச்சிட்டேன்னு சொல்லிட்டுப் போவேன்" என்றார். மாதந்தோறும் 4,000 ரூபாயைத் தம் கூலியிலிருந்து எடுத்து வைத்து, சீட்டுக் கட்டியவர்களுக்கு முறைவைத்துத் திருப்பிக் கொடுத்தார். எஞ்சியதைப் பெரிய மகள் கையில் கொடுத்தனுப்பினார். முழுதும் தீர ஐந்து ஆண்டுகள் ஆயின.

இதற்கிடையே, எங்கள் தமிழாசிரியர் மதினியிடம் இருமுறை தூது சென்றதாகக் கேள்வி. முதல் முறை வெறுங்கையோடு திரும்பினார். இரண்டாம் முறைக்குப் பிறகு, ஞாயிறுதோறும் அண்ணாச்சி வீட்டுத் திண்ணையில் அமர்ந்து உண்ண இசைவு கிடைத்தது. திண்ணையிலிருந்து உள்ளே செல்ல மேலும் ஓராண்டு ஆயிற்று. அந்த ஓராண்டின் நடுவில் எழுந்ததுதான் மதினியின் கேள்வி.

ஆசிரியர் சற்று நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். கயிலையில் உமையம்மைக்குப் பணி செய்த அநிந்திதையாரே மண்ணில் சங்கிலியாராகப் பிறந்தார் என்றும், முடிவில் மீண்டும் அப்பணியிலேயே சேர்ந்தார் என்றும் சேக்கிழார் கூறுவதை எடுத்துக்காட்டினார். மதினியின் முகம் மாறவில்லை. கயிலை நெடுந்தொலைவு அன்றோ! ஆசிரியர் மேலும் சொன்னார்: "அம்மா, இறைவன் தன் உயிர்த் தோழனைவிடச் சங்கிலியாரிடம்தான் முதலில் உண்மையைச் சொன்னான். கோயிலுக்குள் சபதம் செய்தால் நம்பாதே என்று எச்சரித்தான். வாக்கை மீறிய அந்த நொடியிலேயே தோழன் என்றும் பாராமல் கண்ணைப் பறித்தான். சங்கிலியாருக்கு அவன் கொடுத்தது நீதி. இன்றும் திருவொற்றியூர் மாசிப் பெருவிழாவில் மகிழடி சேவை நடக்கிறது. வாக்குக் கொடுத்ததை ஆண்டுதோறும் ஊரறியச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், மறைக்கவில்லை."

மதினி மறுமொழி கூறவில்லை. ஆனால் அவ்விடை என் நெஞ்சில் நின்றுவிட்டது. பிழை செய்தவர்க்கு இறைவன் தரும் மீட்பு, பிழையால் துன்புற்றவரை மறந்துவிட்டுத் தரப்படுவதன்று. அண்ணாச்சியின் கை நேராக நின்றதற்கும், மாதந்தோறும் 4,000 ரூபாய் உரியவர் வீடுகளுக்குச் சென்றதற்கும் தொடர்பு உண்டு. பணம் திரும்பாமல் திருநீறு மட்டும் நெற்றியில் ஏறியிருந்தால், அதனை மீட்பு என்று ஊர் ஏற்றிருக்காது, இறைவனும் ஏற்றிருக்கமாட்டான்.

வெளியே நிற்கும் நல்லவர்கள்

சுந்தரரின் இவ்வரலாற்றைச் சேக்கிழார் எந்த இடத்தில் வைத்துப் பாடினார் என்பது சிந்தனைக்குரியது. ஒற்றியூர்ச் சபதமும் கண்ணிழந்ததும் கண் பெற்றதும் ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணத்தில் இடம்பெறுகின்றன. யார் இந்தக் கலிக்காமர்? சுந்தரரை மன்னிக்க மறுத்தவர்!

இரு கண்களும் பெற்றுத் திருவாரூர் வந்த சுந்தரருக்குப் பரவையார் வீட்டுக் கதவு திறக்கவில்லை. சங்கிலியாரின் செய்தி முன்னரே வந்துவிட்டிருந்தது. கண் கொடுத்த இறைவனால் கதவைத் திறக்க ஆணையிட முடியாதா? அவன் ஆணையிடவில்லை. நள்ளிரவில் அருச்சகர் வடிவில் தானே தூது நடந்தான். பரவையார் மறுத்தார். மீண்டும் தன் உண்மை வடிவில் நடந்தான். அதன் பின்னரே அவர் இசைந்தார். மனித மனத்தின் கதவை இறைவனும் தட்டித்தான் திறக்க வேண்டியிருக்கிறது என்பது இதன் கருத்து.

இறைவனைத் தூது நடக்க விட்டானே ஒருவன் என்று கேட்ட கலிக்காமர் கொதித்தார். அவருடைய சினத்தில் தவறு காண்பது எளிதன்று. அது பக்தியிலிருந்து பிறந்த சினம். இறைவன் அவருக்குச் சூலை நோயைக் கொடுத்து, சுந்தரர் வந்தால் தீரும் என்றான். அவரால் தீர்வதினும் இறப்பதே மேல் என்று கலிக்காமர் தம் வயிற்றை உடைவாளால் கிழித்துக்கொண்டார். வந்து கண்ட சுந்தரர் தாமும் உயிர்விடத் துணிந்தார். அப்போது இறையருளால் கலிக்காமர் எழுந்து அவர் கையைப் பற்றினார். இருவரும் ஒருவரையொருவர் வணங்கி நண்பராயினர்.

கிறித்தவ அன்பர்கள் இவ்விடத்தில் லூக்கா நற்செய்தியில் இயேசு கூறும் ஊதாரி மைந்தன் கதையை நினைத்துக்கொள்வர். சொத்தை அழித்துவிட்டுத் திரும்பிய இளையவனைத் தந்தை ஓடிச் சென்று தழுவுகிறார். நெறி தவறாத மூத்தவனோ விருந்துக்கு வர மறுத்து வெளியே நிற்கிறான். தந்தை அவனிடமும் வெளியே வந்து வேண்டுகிறார். மூத்தவன் உள்ளே சென்றானா என்பதைக் கதை சொல்லாமலே முடிகிறது. சேக்கிழாரோ கலிக்காமர் உள்ளே வந்ததையும் சொல்லி முடிக்கிறார். இரு வரலாறுகளிலும் இறைவனுக்கு இரட்டை வேலை. விழுந்தவரைத் தூக்குவது ஒன்று. விழாதவரின் சினத்தை ஆற்றுவது மற்றொன்று. இரண்டாவதே கடினமானது போலும்!

எங்கள் கூட்டத்திலும் ஒரு கலிக்காமர் இருந்தார். சீட்டில் பணம் போட்ட முதியவர், நேர்மையானவர். அண்ணாச்சி திரும்பிய நாளிலிருந்து அவரோடு ஒரு சொல் பேசியதில்லை. தவணை கொண்டுவந்தால் எண்ணி வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார். கடைசித் தவணையைக் கொடுத்த நாளில் நானும் உடனிருந்தேன். முதியவர் வழக்கம் போல் எண்ணினார். எண்ணி மடியில் கட்டிக்கொண்டார். பிறகு நிமிர்ந்து பார்த்து, "சாப்ட்டீரா?" என்று கேட்டார். அவ்வளவுதான். அண்ணாச்சியால் விடை சொல்ல முடியவில்லை.

மலைநாட்டில் முடிந்த பயணம்

நாம் வாழும் இந்த மலைநாட்டுக்கும் சுந்தரருக்கும் நெருங்கிய உறவு உண்டு. கொடுங்கோளூரிலிருந்து ஆண்ட சேரமான் பெருமாள் நாயனார் அவரைத் தேடித் திருவாரூர் சென்றார். முன்பு அடைத்திருந்த அதே பரவையார் மாளிகையில் இருவருக்கும் விருந்து நடந்தது. ஒரு வீடு முழுமையாக மீண்டுவிட்டது என்பதற்கு, அங்கே விருந்தினர் உண்பதைவிடச் சிறந்த சான்று ஏது?

பின்னர்ச் சேரமானின் அன்புக்கு இணங்கிச் சுந்தரர் இந்நாட்டுக்கு வந்தார். இரண்டாம் முறை வந்திருந்தபோது திருவஞ்சைக்களத்தில் நின்று, உலக வாழ்விலிருந்து தம்மை விடுவிக்குமாறு வேண்டினார். இறைவன் வெள்ளை யானையை அனுப்பினான். சேரமான் குதிரை மீதேறி உடன் சென்றார். ஆடிச் சுவாதி நாளில் இருவரும் கயிலை சேர்ந்தனர் என்பது மரபு. ஒற்றியூர் எல்லையில் கண்ணின்றித் தடுமாறி விழுந்தவர், கொடுங்கல்லூர் மண்ணிலிருந்து யானைமேல் எழுந்தருளினார். கேரளத்தில் தேவாரப் பாடல் பெற்ற ஒரே சிவத்தலம் அதுவே. இரிஞ்ஞாலக்குடா ரயில் நிலையத்தில் இறங்கிப் பேருந்தில் சென்றால் அடையலாம். கேரளப் பாணியில் அமைந்த அக்கோயிலில் சுந்தரரும் சேரமானும் அருகருகே காட்சி தருகின்றனர். ஆடிச் சுவாதியன்று தமிழ்நாட்டிலிருந்து அடியார்கள் வந்து கூடுவர். பிழைப்புக்காக மலைநாடு வந்த தமிழ்க் குடும்பங்கள் தம் குழந்தைகளை ஒருமுறையேனும் அழைத்துச் சென்று காட்ட வேண்டிய இடம் அது.

வேற்றூரில் வாழும் நமக்கு இவ்வரலாறு ஒரு பங்கு கூடுதலாகவே தேவைப்படுகிறது. நம் வட்டம் சிறியது. ஒருவர் தவறினால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எல்லா வீட்டுக்கும் தெரிந்துவிடும். சொந்த ஊருக்கும் திரும்ப முடியாமல், இங்கும் முகம் காட்ட முடியாமல் ஒருவர் ஒரே இரவில் அநாதையாகிவிடக் கூடும். தேர்வில் தோற்ற மகனும், கடனில் மூழ்கிய தந்தையும், குடியில் விழுந்த இளைஞனும் இத்தகைய இரவுகளைக் கண்டிருப்பர். அவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றே. கண் உடனே திரும்பவில்லையே என்று கலங்க வேண்டா. கையில் இன்று ஒரு கோலாவது கிடைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு வேலை, ஒரு நண்பர், ஒரு நாள் தவறாமல் நின்ற கை, இவற்றுள் ஏதேனும் ஒன்று நிச்சயமாக இருக்கும். உள்ளே இருக்கின்றாயா என்று கேட்பதை மட்டும் நிறுத்த வேண்டா. விடை கடுமையாக வந்தாலும், வருவது உள்ளிருந்துதான்.

விழாதிருப்போர்க்கும் ஒரு சொல் உண்டு. கணக்குப் புத்தகத்தை உடனே கொடுத்துவிட வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. தராசடியில் நிற்க ஓர் இடம், திண்ணையில் ஓர் இலை, சாப்பிட்டாயா என்று ஒரு சொல், இவை நம்மால் இயலும். நள்ளிரவில் இருமுறை ஆரூர்த் தெருவில் தூது நடந்த இறைவனை வணங்கும் நாம், அண்டை வீடு வரை ஒருமுறையேனும் நடத்தல் கடனாகும்.